கொடிவழியும் நன்றிக்கடனும்

உயிர் அநாதி, அஃது ஒருவராற் பிறப்பிக்கப்பட்டதன்று, தாய்தந்தையர் தருவது உடம்பொன்றே என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், வினைக்கீடாக வந்து கூடிப் பின் பிரியும் உடம்பின் உறவினை ஏழு தலைமுறை, எட்டுத் தலைமுறை என ஏட்டில் எழுதிக் காப்பதனாற் பயன் யாதென அன்பர் சிலர் வினவுகின்றனர். குலதெய்வக் கோயில்களில் உறவினர் ஆண்டுதோறும் ஒருங்கு கூடுதலும், ஆங்குக் கொடிவழி அச்சிட்டு வழங்குதலும் இந்நாளிற் பல குடும்பங்களில் நிகழ்தலின், இவ்வினா ஆராயத்தக்கதே.

மாயையின் காரியமாகிய இவ்வுடம்பு இழிந்ததென்று எறியத்தக்கதன்று. ஆணவ இருளிற் கிடந்த உயிர் அறிவு விளங்கப் பெறுதற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவி அது. அக்கருவி நம்மை வந்தடையும் வரை, பஞ்சத்தினும் நோயினும் தாம் வருந்தி அதனைக் காத்துக் கைம்மாறினோர் நம் முன்னோர். அவர் பெயரை நினைத்தல் பற்றன்று, நன்றியறிதலாம்.

ஆயின், கொடிவழி எழுதுவோர் எல்லாரும் நன்றி பற்றியே எழுதுகின்றனரோ எனின், இல்லை. குலப்பெருமை பற்றி எழுதுவாரே பலர். முதல் இராசேந்திர சோழனது திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் வழியைக் கதிரவனிடத்துத் தொடங்குகின்றது. பிற்காலச் சோழர் மரபோ 9ஆம் நூற்றாண்டின் விசயாலயன் முதலாகவே தொடர்புபட விளங்குகின்றது. அரசர்க்கு அஃது ஓரணி என விட்டுவிடலாம். நெல்விற்று வாழ்ந்த நம் பாட்டனார்க்கும் ஒரு முனிவரைத் தேடியலைதல் நகைப்பிற்கிடமாம்.

நன்றியால் எழுதியதோ பெருமையால் எழுதியதோ என அறிதற்கு, எவரை எழுதினர் என்பதினும் எவரை விடுத்தனர் என்பதனையே நோக்குதல் வேண்டும். அண்மையிற் பிழைதிருத்தும்பொருட்டு என்பால் வந்த கையெழுத்துப்படியொன்றில் ஆண்மக்களின் பெயரும் ஊரும் தொழிலும் நிரம்ப இருந்தன; பெண்மக்கட்குரிய இடத்தில் 'பெண் 2', 'பெண் 3' என்னும் எண்ணிக்கையே காணப்பட்டது. மருமகளாய் வந்தோர்க்கு அவ்வெண்ணும் இல்லை. ஓரிடத்து ஒரு பெயர் மையால் அழிக்கப்பட்டிருந்தது. வினவியபோது, வேறு குலத்துப் பெண்ணை மணந்தமையால் அவர் விலக்கப்பட்டவர் என்றனர். உடம்பின் வழியைக் கூறப் புகுந்த நூலில் அவ்வுடம்பைப் பத்துத்திங்கள் சுமந்தாள் பெயர் இன்றெனின், அந்நூல் தான் எடுத்துக்கொண்ட பொருளையே இழந்ததாம். அழிக்கப்பட்டவரோ ஏனையோர் பிறந்த அதே வயிற்றிற் பிறந்தவர். மணத்தாற் பிறப்பு மாறுமாறில்லை. இரண்டையும் நிரப்பியன்றி அச்சிடலாகாதென எழுதியனுப்பினேன்.

பாட்டன் பெயரைத் தாங்குவான் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குவாள் பெயர்த்தி. தமிழ்ச்சொல் இருபாலார்க்கும் இடந்தந்துள்ளது. நீர்க்கடனிலும் தந்தைவழி மூவரையன்றித் தாய்வழி மூவரையும் பெயர்கூறி நினையும் வழக்குண்டு. எனினும் தாயின் பாட்டியார் பெயரைத் தடையின்றிச் சொல்வார் நம்மில் எத்துணையர்!

திருத்தொண்டர் வரலாறும் இதற்குச் சான்றாம். சுந்தரமூர்த்தி நாயனாரைப் பெற்றமையாற் சடையனாரும் இசைஞானியாரும் அறுபத்துமூவருள் வைத்து எண்ணப்பெற்றனர். தந்தையோடு தாயும் எண்ணப்பெற்றமை கருதத்தக்கது. அவரை மகனாகக் கொண்டு வளர்த்த நரசிங்கமுனையரையரும் தம் தொண்டினால் அவ்வரிசையிலேயே விளங்குகின்றார். பெற்றவர்பொருட்டு வளர்த்தவர் மறைக்கப்பட்டிலர். திருநாவுக்கரசர் சமணஞ் சார்ந்திருந்த காலத்தையும் சேக்கிழார் ஒளித்திலர். ஒளித்திருப்பின் திலகவதியார் பெருமை நமக்குப் புலனாகியிராது.

பழமையை மாற்றலாகாதென்பார் சீனதேயத்துக் கன்பூசியர் மரபினரை நோக்குக. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு வழியெண்ணும் அம்மரபினர் 1937க்குப் பின் 2009இல் வெளியிட்ட கொடிவழி 80 தொகுதிகளாய், இருபதிலக்கத்திற்கு மேற்பட்டோரைக் கொண்டது. பெண்டிர் பெயர் முதன்முறையாக அதன்கண்ணேயே ஏறிற்று.

அரித்துவாரத்துப் பண்டாக்களின் பழவேடுகளில், யாத்திரை சென்றோர் தம் குடும்பத்துப் பிறந்தோர் இறந்தோர் பெயரைத் தாமே கூறியும் எழுதியும் சேர்த்துவருவர். நம் குடும்பக் கூட்டங்களிலும் அவ்வாறே ஏட்டினை நடுவே வைத்து, முதற்கண் மூத்த பெண்டிரிடம் கேட்டெழுதுதல் வேண்டும். அவர்கள் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒருங்கறிந்தவர். இறந்த குழந்தைகளின் பெயரும் அவர்கட்கே நினைவிருக்கும்.