புல்தரை மழையும் அண்டை வீட்டுக் கிணறும்



மல்லசமுத்திரம் பகுதியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்து, ஹலாலாக ஈட்டிய பொருளில் வீடு கட்டினார். வீட்டின் முன்னால் நான்கு சென்ட் நிலத்தில் புல்தரை அமைத்தார். அதற்கு நீர் தெளிக்க ஸ்பிரிங்ளர் போட எண்ணி நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், கடையில் இரண்டு வகைத் தெளிப்பான் காட்டுகிறார்கள். ஒன்று விலை குறைவு, மற்றது கூடுதல். விலை குறைந்ததையே போடலாம் என்றிருக்கிறேன். மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"உமது பணம், உமது நிலம், உமது ஆழ்குழாய்க் கிணறு. தடை எதுவுமில்லை, விரும்பியதைப் போட்டுக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அழகு மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளியாக்கிய அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்று வினவும் திருவசனம் (7:32) நம் நினைவில் நின்றது. அதற்கு முந்தைய வசனம் அப்போது நம் நினைவுக்கு வரவில்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வரம்பு மீறுவோரை நேசிப்பதில்லை என்பது அவ்வசனத்தின் கருத்து.

சில வாரங்கள் சென்று, ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் துஆ ஓத அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டோம். தெளிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாதி நீர் புல்லில் விழுந்தது. மீதி பனிபோல் காற்றில் பறந்தும், சுவரை நனைத்தும், வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டுமிருந்தது. அடுத்த காட்டுக்காரரான முதிய பெண்மணி ஒருவர், கையில் இரண்டு குடங்களோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் நின்று, "ஏனுங்க பாய், இந்த மழை புல்லுக்கு மட்டுந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அவருடைய திறந்த கிணறு வற்றி இரண்டு கோடையாயிற்று என்று பின்னர் அறிந்தோம்.

நாம் சொன்ன பதில் எவ்வளவு அவசரமானது என்பது அப்போதுதான் விளங்கியது. தடை உண்டா என்ற கேள்விக்கு மட்டும் விடை சொன்னோம். எவ்வளவு, யாருடைய பங்கு என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விட்டோம்.

எவ்வளவு?

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர். நான்கு சென்ட்டுக்கு 800 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் ஐம்பது குடங்களுக்கு மேல். சிறிதும் வீணாகாமல் ஊற்றினாலே தேவைப்படும் அளவு இது.

இனித் தெளிப்பானின் தன்மை. அந்தச் சகோதரர் வாங்கிய விலை குறைந்த வகை, நின்ற நிலையில் விசிறிபோல் நீரைச் சிதறுவது. இவ்வகை மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவில் நீரைப் பொழியும். பதினைந்து அடி வீச்சுள்ள முழுவட்டத் தெளிப்பான் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 லிட்டர் கொட்டுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வந்துள்ளது. ஒரு முத்தை ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே தெளிப்பான் ஒரு நிமிடத்தில் பதினான்கு பேருடைய உளூவின் நீரைச் செலவழிக்கிறது!

நமது இறுகிய செம்மண் அந்த வேகத்தில் நீரை உறிஞ்சாது. மேற்பரப்பு நனைந்ததும் மிச்சம் வழிந்தோடும். 5 மில்லிமீட்டருக்கு ஏழெட்டு நிமிடமே போதும். ஆனால் குழாயைத் திறந்தவர் தேநீர் பருகி முடிக்க அரை மணி ஆகிவிடுகிறது. அதற்குள் நான்கு சென்ட்டில் 3,200 லிட்டர் போய்விடும். இது நான்கு நாள் தேவை!

மற்றொரு வகை, மெல்லச் சுழன்று தனித்தனித் தாரைகளாக நீரை வீசுவது. இது மணிக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரையே பொழியும். துளிகள் பெரியவை, காற்று எளிதில் தள்ளிச் செல்லாது, மண் உறிஞ்ச அவகாசம் கிடைக்கும். ஆனால் இதை வாங்கிவிட்டாலே நீர் மிச்சமாகிவிடும் என்று எண்ணக்கூடாது. கூடுதல் நேரம் ஓடவிட்டால் இதுவும் அதே நீரைக் குடித்துவிடும். கருவி உதவி செய்யும். நிதானம் மனிதனிடமிருந்துதான் வரவேண்டும்.

இவ்விரு வகைகளையும் ஒரே வால்வில் கலந்து போடலாகாது. போட்டால் ஒருபுறம் சேறாகும், மறுபுறம் காயும். மூலையில் கால்வட்டம் சுற்றும் தெளிப்பான், முழுவட்டம் சுற்றுவதில் நாலில் ஒரு பங்கு நீரையே தரவேண்டும். இல்லாவிடில் மூலை மட்டும் மிதமிஞ்சிக் குடிக்கும். அழுத்தமும் கவனிக்கத் தக்கது. விசிறி வகைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் போதும். மோட்டாரின் வேகம் அதற்கு மிகுந்தால் நீர் துளியாக விழாமல் புகையாகப் பறந்துவிடும். சுவரோரக் குறுகிய இடங்களுக்கும் மரங்களுக்கும் சொட்டு நீர்க் குழாயே தகுந்தது. புல்தரையில் ஒரே அளவான நாலைந்து டப்பாக்களை அங்கங்கே வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால், எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதைச் சிறுபிள்ளையும் அளந்து சொல்லிவிடும்.

இவையெல்லாம் உலக விவகாரம், மார்க்கப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். உளூச் செய்துகொண்டிருந்த ஸஃது (ரலி) அவர்களைக் கடந்து சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், இது என்ன விரயம் என்று வினவினார்கள். உளூவிலுமா விரயம் என்று அவர் கேட்க, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அப்படித்தான் என விடையளித்தார்கள். இது இப்னு மாஜாவில் உள்ள அறிவிப்பு. இதன் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொன்னாலும், உளூவில் நீரை மிகைப்படுத்துவது வெறுக்கத்தக்கது என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டுள்ளனர். உளூவுக்காக வக்ஃபு செய்யப்பட்ட நீரில் மிகைப்படுத்துவது ஹராம் என்றே ஹனஃபீ நூல்கள் தீர்ப்பளிக்கின்றன. வணக்கத்திலேயே அளவு பார்க்கும் மார்க்கம் புல்தரையில் கண்ணை மூடிக்கொள்ளுமா?

யாருடைய பங்கு?

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. சகோதரரிடம் நாம் மீண்டும் பேசியபோது அவர் ஒரு நியாயம் சொன்னார்: "நான் தண்ணீர் எடுப்பதால்தான் அந்த அம்மாவின் கிணறு வற்றியது என்று யாரால் நிரூபிக்க முடியும்?"

உண்மைதான். நிரூபிக்க முடியாது. சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளில் தங்கி, வெடிப்பு வழியே நகர்கிறது. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்று ஊறும், ஒன்று காயும். ஊரூராய்ச் சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வண்டிக்காரர்களும் துளையிட்டுப் பார்த்த பின்னரே நீர் உண்டா இல்லையா என்று சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அத்தகைய காலங்களில் யாருடைய மோட்டார் யாருடைய ஊற்றை இழுத்தது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நிரூபிக்க முடியாத தீங்குக்கு நாம் பொறுப்பாளியா? நமது கேள்வியின் உயிர்நிலை இதுவே.

முன்னோர்களான ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த மறைவை அறியாதவர்களல்லர். தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதைச் சுற்றி நாற்பது முழம் வரை மற்றவர் தோண்டலாகாது என்று 'ஹரீம்' என்னும் எல்லையை வகுத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டி இறைக்கும் கிணற்றுக்கு அறுபது முழம் என்று இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் கூறினார்கள். தோண்டிய பிறகு வழக்காடுவதற்கு முன்பே தீங்கின் வாசலை அடைத்தார்கள். பல நூறு அடி ஆழத்திலிருந்து மின்மோட்டார் உறிஞ்சும் இக்காலத்தில் அந்த முழக்கணக்கு போதாது. அதன் கருத்து மட்டும் அப்படியே நிற்கிறது. என் கிணற்றின் எல்லை என் வேலியோடு முடிவதில்லை.

ஹனஃபீ மத்ஹபில், கிணற்றில் உள்ள நீர் பாத்திரத்தில் எடுக்கப்படும்வரை யாருக்கும் தனிச்சொத்தன்று. தோண்டியவருக்கு முன்னுரிமை உண்டு. தாகித்த மனிதனையும் கால்நடையையும் தடுக்கும் உரிமை இல்லை. ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீரில் எழுந்த வழக்கை நினைவுகூர்வோம். முதலில் ஜுபைர் பாய்ச்சிக்கொண்டு அண்டையாருக்கு விட்டுவிட வேண்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்ஸாரி அதையும் ஏற்காது பேசியபோது, ஜுபைருடைய முழு உரிமையையும் வழங்கினார்கள். அந்த முழு உரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது. வரப்பின் அடியை நீர் எட்டும்வரைதான்! அதற்கு மேல் தேக்க மேட்டு நிலத்தாருக்கும் உரிமையில்லை.

அண்டை வீட்டார் வேற்று மதத்தவராயிற்றே என்று எவரும் நினைக்க வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்றுதான் விசாரித்தார்கள். அண்டையார் உரிமையை நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

ஆகவே நமது தீர்மானம் இது: ஐயம் இருக்குமிடத்தில் பேணுதலை மேற்கொள்வதே முஃமினின் வழி. ஐயத்துக்குரியதை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள பிரபலமான ஹதீஸின் கருத்து. அண்டைக் கிணறு நம்மால் வற்றியதா என்று தெரியாவிட்டாலும், அது வற்றியிருக்கிறது என்பது தெரியும். நம்மிடம் நீர் இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்த இந்த இரண்டே நம்மைக் கடமைக்குள்ளாக்கப் போதும். முதலில் குடிநீர், பிறகு அண்டையார், பிறகு ஆடுமாடு, பயிர், மரம், மிஞ்சினால் அழகு. மரத்தைப் புல்லுக்கு முன் வைத்ததற்கும் காரணம் உண்டு. முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்பதெல்லாம் அவருக்கு ஸதகா என்று நபிமொழி கூறுகிறது.

அல்லாஹ் அருள்வானாக, அந்தச் சகோதரர் நம் சொல்லுக்கு மதிப்பளித்தார். புல்லை ஒரு சென்ட்டாகக் குறைத்தார். சுழலும் தெளிப்பான் மாற்றினார். வேலிக்கு வெளியே குழாய் ஒன்று வைத்தார். எஞ்சிய இடத்தில் கொய்யாவும் முருங்கையும் நட்டு, சொட்டு நீர் விட்டார். அந்தப் பெண்மணியின் கிணறு இன்னும் ஊறவில்லை. ஆனால் அவர் குடங்களைத் தூக்கிக்கொண்டு குழாயடிவரை நடப்பதில்லை.

நாமும் ஒரு பாடம் கற்றோம். அன்று பள்ளிவாசலுக்குத் திரும்பியதும் உளூச் செய்யுமிடத்தைப் பார்த்தோம். இரண்டு குழாய்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. அதுவரை அவை நம் கண்ணில் பட்டதேயில்லை.

இரு தோட்டங்களுக்குச் சொந்தக்காரனாகிச் செருக்குற்றவனிடம், அந்நீர் பூமிக்குள் இறங்கிவிட்டால் தேடிப் பெற உன்னால் இயலாதே என்று அவன் தோழன் எச்சரித்ததைத் திருமறை (18:41) சொல்கிறது. நமது பாறைநிலத்துக்கு இதைவிடப் பொருந்தும் எச்சரிக்கை எது?

வல்ல நாயன் நமது ஊற்றுகளில் பர்க்கத்தும், நமது கைகளில் அளவும், நமது உள்ளங்களில் அண்டையார் மீது இரக்கமும் தந்தருள்வானாக! ஆமீன்.