தேசாபிமானம் யாது?

சைவ உபாத்தியாயர்களே,

தேசாபிமானம் என்னுஞ் சொல் பலர் நாவிலும் வழங்குகின்றது. கொடியேற்றுதலும், மாலையணிதலும், மேடையேறி முழங்குதலுமே அதுவென்று கருதுவார் பலர். இவை அன்பின் அடையாளமாதல் கூடும், அன்பேயாகா. திருநீறு தரித்தார் அனைவரும் மெய்யடியாராகாமை போல என்க.

இரண்டையும் பிரித்தறிதற்கு உரைகல் யாதெனில், 'என்னுடைய தேசம்' என்று ஒருவன் சொல்லுமிடத்து, அவன் உள்ளம் 'என்னுடைய' என்பதில் நிற்கின்றதோ, 'தேசம்' என்பதில் நிற்கின்றதோ என நோக்குதலேயாம். முன்னையது ஆணவத்தின் காரியம். பின்னையது அத்தேசத்து உயிர்களிடத்து வைத்த அன்பு.

இதற்குச் சப்பிரகமுவ மாகாணமே சான்று. கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர்த் தோட்டத்தை அரசினர் கிராம விஸ்தரிப்பின் பொருட்டுக் கையேற்று, அங்கே தொழில்செய்த தமிழ்க் குடும்பங்களை வெளியேறும்படி பணித்தனர். அதனை எதிர்த்து 1946ஆம் ஆண்டிலே கேகாலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நிலமற்ற சிங்களக் கிராமவாசிகளின் வறுமை பொய்யன்று. அவர்க்கு நிலம் வேண்டுவதும் நியாயமே. ஆயினும், காடு திருத்தித் தேயிலையும் இறப்பரும் வளர்த்தாரை அம்மண்ணுக்கு அந்நியரென்று தள்ளுதல் எங்ஙனம் தேசாபிமானமாகும்?

1948 பெப்ரவரி 4ஆந் தேதி சுதந்திரக் கொடி ஏறிற்று. அவ்வாண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலே தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசினரும் இசைந்தனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தார்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை வழங்கிற்று. அரைநூற்றாண்டுக்கு மேலாக நாடு அவர்களைத் தன்னவரென்று சொல்லவில்லை. அவர்களோ அந்நாட்டுக்கு உழைத்தலை விடவில்லை. இவ்விரு திறத்தாருள் நாட்டை நேசித்தவர் யாவர்?

அப்பர் சுவாமிகளைச் சிந்தியுங்கள். அடியார் நடக்கும் வழியிற் புல்லுங் கல்லும் இராதபடி உழவாரத்தாற் செதுக்குதலே அவர் தொண்டு. திருப்புகலூரிலே அவ்வுழவாரத்தில் அகப்பட்ட பொன்னையும் மணியையும் கல்லோடொப்ப மதித்து வாவியில் எறிந்தார். பிறர் காலிற் கல் உறுத்தாமையே அவர் வேண்டியது.

நம்மவருள்ளும் 'தோட்டத்துப் பிள்ளை' என்று இகழ்ந்து பேசிக்கொண்டே தமிழபிமானம் முழங்குவார் உளர். அதுவும் டம்பமே, பிறரைக் குறைகூறுமுன் அதனைக் களைதல் வேண்டும்.

ஆதலால், அன்பர்களே, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளிலே கற்பிக்கும் உங்களுக்குத் தேசபக்தி கொடியேறிய மறுநாட் காலையிலே தொடங்குகின்றது. வராத பிள்ளையைத் தேடி லயத்துக்குச் செல்லுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதார்க்கு அவற்றைப் பெறும் வழி காட்டுங்கள். அயற்கிராமத்துப் பிள்ளைகளோடு கலந்து பழகும்படி சிங்களமும் கற்பியுங்கள். பாடத்தை முன்னரே ஆயத்தஞ் செய்து, குறித்த வேளையில் வகுப்பிற் புகுங்கள். இவை எவராலும் புகழப்படா; ஆயினும் இவையே உங்கள் உழவாரம்.

எல்லா உயிர்க்கும் உயிராய் நின்ற சிவபெருமான் இத்தொண்டிலே உங்களை நிலைபெறச் செய்வாராக.