அடைக்கலப் பொருள்

ஒருவர் தம் பொருளை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். நாம் அதை வீணாக்கவில்லை. பேணிப் பெருக்கியும் வைத்திருக்கிறோம். அதனால் ஊராருக்கு நன்மையும் விளைகிறது. ஆனால் உரியவர் திரும்பி வரும் வழியில் ஒரு தடை நிற்கிறது. முயன்றால் ஒருவேளை அதை நீக்கியிருக்கலாம், நாம் முயலவில்லை. இந்நிலையில் நாம் அறம் வழுவினோமா, இல்லையா?

கையாடல் செய்தவனைத் திருடன் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. இங்கோ கையாடல் எதுவும் நிகழவில்லை. இந்த வினாவை ஒரு நாட்டின் அரியணையையே அடைக்கலப் பொருளாக வைத்து ஆராயும் வாய்ப்பை ஸ்காட்லாந்தின் இடைக்கால வரலாறு நமக்குத் தருகிறது. ஆல்பனி கோமகன் ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவரின் வாழ்க்கை அது.

அவர் ஏறத்தாழ 1340இல் பிறந்தார். அப்போது அவருடைய தந்தை மன்னர் அல்லர். மன்னர் இரண்டாம் டேவிட்டின் உறவினரான ஒரு பிரபு. பெற்றோரின் மணமும் திருச்சபை விதிகளுக்கு முற்றும் இசைந்ததாக இல்லை. 1347இல் போப்பாண்டவரின் அனுமதி கிடைத்த பின்னரே அக்குறை நீங்க வழி பிறந்தது. போதாக்குறைக்கு, அவர் மூன்றாம் மகன். அரியணை அவருக்கு எட்டாத் தொலைவில் இருந்தது.

1361இல் மென்டீத் சீமாட்டி மார்கரெட் கிரகாமை மணந்து, மனைவி வழியில் அந்நிலப் பகுதிக்குப் பிரபுவானார். 1371இல் டேவிட் மகப்பேறின்றி மறைய, தந்தை இரண்டாம் ராபர்ட் என்னும் பெயரில் முடிசூடினார். ஸ்டூவர்ட் மரபின் ஆட்சி அன்று தொடங்கியது. அதையடுத்து ஃபைஃப் சீமாட்டியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாயிலாக ஃபைஃப் பிரபு என்ற பட்டமும் அவருக்கு வந்தது. புதிய மன்னரை அரியணையில் அமர்த்தும் மரபுரிமை ஃபைஃப் பிரபுவுக்கு உரியது. அமர்த்துகிற கைக்கும் ஆசனத்துக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு! 1382இல் அரச வருவாயைக் கவனிக்கும் பெரும்பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

தந்தை முதுமையால் தளர்ந்தபோது, 1384இல் ஆட்சிப் பொறுப்பு மூத்த மகன் ஜானிடம் தரப்பட்டது. 1388இல் குதிரை உதைத்ததில் ஜான் கால் ஊனமுற்றார். அவருக்குத் துணை நின்ற டக்ளஸ் பிரபுவும் அவ்வாண்டு ஆட்டர்பர்ன் போரில் மாண்டார். டிசம்பர் மாதத்தில் பொறுப்பு தம்பி ராபர்ட்டுக்கு மாறியது. 1390இல் ஜான், மூன்றாம் ராபர்ட் என்ற பெயருடன் முடிசூடியபோதும் ஆட்சி சில ஆண்டுகள் தம்பியிடமே இருந்தது. உடல் நலிந்த அந்த அண்ணன் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பும் மிகச் சிறியது. தமக்குக் கல்லறை வேண்டாம், குப்பை மேட்டில் புதைத்தால் போதும் என்று அரசியிடம் அவர் கூறியதாக வால்ட்டர் பவர் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அண்ணன் தாழ்மையில் இவ்வளவு கீழே இறங்க, தம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தார். 1398இல் ஸ்காட்லாந்தில் முதன்முதலாக இருவருக்குக் கோமகன் பட்டம் வழங்கப்பட்டது. ஒருவர் மன்னரின் மூத்த மகன் டேவிட், ரோத்சே கோமகன். மற்றவர் சிற்றப்பா, ஆல்பனி கோமகன்.

மறு ஆண்டு, மூன்றாண்டுக் காலத்துக்கு ஆட்சிப் பொறுப்பு இளவரசர் டேவிட்டிடம் தரப்பட்டது. அந்தக் கெடு முடியும் தறுவாயில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டு, சிற்றப்பாவின் ஃபாக்லண்ட் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1402 மார்ச் மாதம் அங்கேயே இறந்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மக்கள் பேசினர். மே மாதம் கூடிய மன்றம், அது தெய்வ சித்தத்தால் நேர்ந்த மரணமே என்று முடிவு கூறியது. அதே ஆவணத்தில், ஆல்பனியைப் பற்றி யாரும் முணுமுணுக்கலாகாது என்ற கட்டளையும் இடம் பெற்றது. குற்றமே இல்லை என்று தெளிந்துவிட்ட இடத்தில் முணுமுணுப்புக்கு ஏன் தடை? சர் வால்ட்டர் ஸ்காட் 1828இல் எழுதிய ஒரு நாவலில் இச்சம்பவத்தைக் கொலையாகவே வரைந்துவிட்டார். அதைக் கொலை என்று நாம் துணிந்து கூறுவதற்கில்லை. நமது வினாவுக்கு அத்துணிபு தேவையும் இல்லை.

மன்னருக்கு எஞ்சிய ஒரே மகன் ஜேம்ஸ். அச்சிறுவனுக்குத் தாய்நாடு பாதுகாப்பற்றது என்று கருதி, 1406இல் பதினோரு வயதில் அவனைப் பிரான்சுக்கு அனுப்பினர். பாஸ் ராக் என்னும் கடற்பாறையில் ஒரு மாத அளவு காத்திருந்து அவன் ஏறிய கப்பலை, ஃபிளாம்பரோ முனைக்கு அருகே ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் மடக்கினர். சிறுவன் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியின் கைதியானான். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 4 அன்று, தந்தை மூன்றாம் ராபர்ட் காலமானார். அரசனாக வேண்டியவன் அயல்நாட்டுச் சிறையில். ஆட்சிக் காப்பாளர் சிற்றப்பா. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1420 செப்டம்பர் 3இல், எண்பது வயதளவில் ஸ்டிர்லிங் கோட்டையில் ஆல்பனி இறக்கும் வரையிலும் இந்நிலை மாறவே இல்லை.

அவரைக் கொடுங்கோலர் என்று சித்திரிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அக்காலத்து விண்டவுன் ஆண்ட்ரூ தமது வரலாற்று நூலில் அவரைப் பெரிதும் புகழ்கிறார். 1409இல் ஜெட்பரோ கோட்டை ஆங்கிலேயரிடமிருந்து மீட்கப்பட்டது. அதை இடித்துத் தரைமட்டமாக்கும் செலவுக்கு, அடுப்புக்கு இரண்டு காசு வீதம் வரி விதிக்கலாம் என்று அவையோர் யோசனை கூறினர். ஆல்பனி மறுத்துவிட்டார். ஏழைகள் தம்மைச் சபிக்கும்படியான வரி தம் காலத்தில் வேண்டாம் என்று கூறி, சுங்க வருவாயிலிருந்து அச்செலவைச் செய்வித்தாராம். இதைப் பதிவு செய்திருப்பவரும் பவரே. ஸ்காட்லாந்தின் முதல் பல்கலைக்கழகம் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உருவானதும் இவர் காலத்தில்தான். அதற்குரிய போப்பாண்டவரின் ஆணைகள் 1413இல் வழங்கப்பெற்றன. ஏழையின் அடுப்பை எண்ணிப் பார்த்த ஓர் ஆட்சியாளரை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அவருக்காக வாதாடுவோர் மற்றொன்றும் கூறுவர். கைதியாக இருக்கும் அரசன் இங்கிலாந்துக்கு விலைமதிப்பற்ற பணயம். கேட்ட மாத்திரத்தில் விடுவித்திருப்பார்களா? இதுவும் நியாயமான வாதமே. ஆனால் ஒரு செய்தி குறுக்கே நிற்கிறது. ஆல்பனியின் மூத்த மகன் மர்டோக் 1402இல் ஹோமில்டன் குன்றுப் போரில் பிடிபட்டு, அதே இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். ஸ்காட்லாந்தில் இருந்த பெர்சி குடும்பத்து வாரிசை ஒப்படைத்து, பத்தாயிரம் பவுன் மீட்புப் பணத்துக்கும் உடன்பட்டு, 1416இல் மகனை மீட்டார் தந்தை. மன்னர் ஜேம்ஸ் மீளவில்லை. தம் விடுதலைக்குப் போதிய முயற்சி இல்லை என்று சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் மனக்குறை வெளிப்படுகிறது. முயற்சி அறவே நடக்கவில்லை என்பதில்லை, பேச்சுவார்த்தைகள் நடந்தன. மகனுக்காகத் திறந்த கதவு மன்னனுக்காகத் திறக்கவில்லை, அவ்வளவே.

பரதனை நாம் அறிவோம். நந்திக்கிராமத்தில் பாதுகைகளை முன்வைத்துப் பதினான்கு ஆண்டுகள் அரசு நடத்தியவன். நாட்டை நன்றாக ஆண்டான் என்பதற்காக நாம் அவனை வணங்கவில்லை. நன்றாக ஆண்டவர்கள் எத்தனையோ பேர். இராமன் திரும்பும் நாளை அவன் எண்ணிக்கொண்டிருந்தான். குறித்த நாளில் வராவிட்டால் தீயில் இறங்குவேன் என்றான். அவன் வைத்திருந்த கணக்கு அண்ணன் வருகையின் கணக்கு. ஆல்பனியின் சாசனங்களிலும் ஒரு கணக்கு காணப்படுகிறது. மன்னர் ஜேம்ஸின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று அவை நாளிடவில்லை; நமது காப்பாட்சியின் இத்தனையாவது ஆண்டு என்று நாளிட்டன. ஒரு சிறு எழுத்து வழக்கம்தானே என்று தோன்றலாம். ஆனால் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இத்தகைய சிறு வழக்கங்களே காட்டிக்கொடுக்கின்றன. பொருளைத் தீண்டாமலே அதைத் தனதாக்கிக்கொள்ளும் வழி இது. முதலில் தேதி மாறுகிறது. பின்னர் உரியவரை நினைக்கும் வழக்கம் குறைகிறது. அதன்பின் அவர் வராதிருப்பதே இயல்பு நிலையாகிறது. இதில் எந்த ஒரு நாளையும் சுட்டி, இன்று திருடினான் என்று கூற இயலாது. சிறு பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் உறவினரும், அறக்கட்டளைப் பொறுப்பில் பல்லாண்டுகள் அமர்ந்திருப்போரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது. கணக்கு ஏடுகள் சரியாக இருப்பது அங்கே விடையாகாது.

தந்தைக்குப் பின் மர்டோக் காப்பாளரானார்; தந்தையின் திறமை அவருக்கில்லை. நாற்பதாயிரம் பவுன் தருவதாக ஒப்பந்தமாகி, பதினெட்டு ஆண்டுச் சிறைக்குப் பின் 1424இல் ஜேம்ஸ் நாடு திரும்பினார். அவ்வாண்டு மே மாதம் ஸ்கூன் நகரில் நடந்த முடிசூட்டு விழாவில் ஃபைஃப் பிரபு என்ற முறையில் அவரை அரியணையில் அமர்த்தியவர் மர்டோக். சரியாக ஓராண்டு கழித்து, 1425 மே 24, 25 ஆகிய நாள்களில், ஸ்டிர்லிங்கில் மர்டோக்கும் அவருடைய மகன்கள் வால்ட்டர், அலெக்சாண்டர் இருவரும், முதியவரான மாமனார் லெனக்ஸ் பிரபுவும் தலை வெட்டப்பட்டனர். அக்குடும்பத்தின் நிலங்கள் மன்னரிடம் சென்றன. ஜேம்ஸின் சினத்துக்குக் காரணம் உண்டு; அந்தத் தண்டனையின் அளவை அறம் என்று ஏற்க மனம் ஒப்பவில்லை. 1437இல் பெர்த் நகர மடாலயத்தில் அவரும் கொலையுண்டார். அச்சதியில் பங்கு கொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களுள் ஆல்பனியின் தந்தைக்கு மற்றொரு தாரத்தில் பிறந்த அத்தோல் பிரபுவும் ஒருவர்.

மர்டோக்கின் மனைவி இசபெல்லாவைக் கொல்லவில்லை. கணவரையும் இரண்டு மகன்களையும் தந்தையையும் இரண்டே நாள்களில் இழந்த அவ்வம்மையார் சில காலம் சிறையிருந்தார். பின்னர் லோமண்ட் ஏரியின் நடுவிலுள்ள இன்ச்மரின் தீவில் வாழ்ந்து, 1458 வரை, மன்னர் ஜேம்ஸின் பேரன் பிறந்த பின்னும் உயிரோடிருந்தார்.