பரத்தன் என்றொரு சொல்

எங்கள் வடக்கனந்தலில் இரண்டு ஆண்கள் அடித்துக்கொண்டாலும் வசவு ஒருவனுடைய அம்மாவின் மேல்தான் விழும். தேவரடியார் என்ற சொல் மருவி வந்த வசவு அது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஆளுக்கொரு வீடும் 100 கலம் நெல்லும் கொடுத்து, அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டிவைத்தான். 1947இல் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. பொட்டுக்கட்டிய கோயிலுக்கும் வைத்திருந்த மிராசுதாருக்கும் வசவில் பங்கில்லை.

"போனவனுக்கு என்ன பேரு மேடம்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். திருக்குறளில் 'வரைவின் மகளிர்' நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த அதிகாரங்கள் கள்ளுண்ணாமை, சூது. ஆணைக் கெடுக்கும் பொருள்களின் வரிசையில் பெண்ணும் ஒன்று. அவளைத் தழுவுவது பிணத்தைத் தழுவுவது போல என்கிறார் வள்ளுவர். காசு கொடுத்துத் தேடிப்போகிறவனைக் கீழ்மகன், நெஞ்சில் உறுதியில்லாதவன் என்று திட்டவும் செய்கிறார். எந்தத் தப்புக்கும் பொருந்தும் திட்டு அது. அந்தச் செயலுக்கான பெயரல்ல.

பெயர் 1311ஆம் குறளில் இருக்கிறது. ஊடுகிற மனைவி கணவனைப் 'பரத்த' என்று விளிக்கிறாள். பெண்கள் எல்லாரும் கண்ணால் பொதுவாக உண்ணும் உன் மார்பை நெருங்கமாட்டேன் என்கிறாள். பொதுமகளிர் என்பதில் உள்ள அதே 'பொது', இங்கே ஆணின் உடம்புக்கு வருகிறது. ஊடலின் நயம் என்று ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானறிந்து தேர்வில்கூடக் கேட்டதில்லை. பரத்தை எல்லாருக்கும் தெரிந்த சொல். பரத்தனைத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.