இடைவேளைக்குப் பாடியவர்

அழவைக்கும் கலைஞனை மகான் என்கிறோம். சிரிக்க வைப்பவனைக் கோமாளி என்கிறோம். இது நியாயந்தானா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜோவாக்கீனோ கொர்ராதோவின் நினைவு வரும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மேடைகளில் ஹாஸ்யப் பாத்திரங்களைப் பாடியவர் அவர். கனத்த கீழ்ஸ்தாயிக் குரல். அக்காலத்துப் பெரிய இசை நாடகங்களில் மன்னர்களும் வீரர்களும் உச்சஸ்தாயியில் காதலையும் தியாகத்தையும் பாடுவார்கள். அங்கங்களுக்கு நடுவே, சபையோர் அலுத்துப் போகாமலிருக்க, இரண்டு பேர் வந்து ஒரு சிரிப்புக் கதையைப் பாடிவிட்டுப் போவார்கள். அந்த இடைவேளைதான் கொர்ராதோவின் ராஜ்யம்.

1733-ல், இருபத்து மூன்று வயதுப் பெர்கொலேசி 'கர்வம் பிடித்த கைதி' என்ற பெரிய நாடகத்துக்கு இசையமைத்தார். அதனிடையே நடிக்க, 'எஜமானியான வேலைக்காரி' என்று ஒரு சிறு நாடகம். காலையில் சாக்லேட் பானம் வரவில்லையே என்று புலம்பும் பிரம்மசாரி உபெர்த்தோவாகக் கொர்ராதோ வந்தார்; அவனைச் சாமர்த்தியமாக மணந்துகொள்ளும் வேலைக்காரியாக லாவுரா மோந்தி. மூன்றாவது பாத்திரம் ஊமை!

பெரிய நாடகம் பெரும்பாலும் மறக்கப்பட்டது. சின்னதோ, 1752-ல் பாரிஸில் நடிக்கப்பட்டு, இத்தாலிய இசை உயர்ந்ததா, பிரெஞ்சு இசை உயர்ந்ததா என்று ஒரு பெரிய வாதப் போரையே கிளப்பிவிட்டது. ரூஸோவே இத்தாலியர் பக்கம் நின்று எழுதினார்.

பெர்கொலேசியின் பெயர் நிலைத்தது. கொர்ராதோவின் குரல்? ஒலிப்பதிவுக் கருவி வர இன்னும் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அவர் பாடிய சான் பார்த்தொலோமேயோ அரங்கும் 1737-ல் அரங்கு என்ற நிலையை இழந்தது.

அந்தக் காலத்தில் பாடுகிறவரின் தொண்டையை அறிந்தே பாட்டு அமைப்பார்கள். ஆகவே உபெர்த்தோவின் பாட்டில், தேய்ந்த செருப்பில் பாதத்தின் அச்சு இருப்பதுபோல், கொர்ராதோ இருக்கத்தான் இருக்கிறார் என்று சமாதானம் சொல்லலாம்.

ஆனால் சமாதானம் எதற்கு? நேற்றுப் பசித்தவனுக்கு இட்ட சோறு இன்று இல்லை என்பதால் அது வீணாகிவிடுமா? அன்றிரவு களைத்திருந்த மனிதர்கள் மனம்விட்டுச் சிரித்தார்கள் என்றால், அவர் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டார். நிலைத்திருப்பது கலையின் பாக்கியமாக இருக்கலாம். அதன் தகுதி அது அல்ல. அச்சில் பெயர் ஏறுவதையே அமரத்துவம் என்று நம்பும் எங்களைப் போன்ற எழுத்தாளர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.