உமிழ்நீர் கேட்காத கேள்வி



ஒரு பிடி வெறும் சோற்றை வாயில் போட்டு நிதானமாக மென்று பாருங்கள். சற்று நேரத்தில் இனிக்கும். நம் வாயிலுள்ள சுரப்பிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்குகிறது. அதுதான் அந்த இனிப்பு.

விழுங்கும் வரைதான் அதிகாரம் நம்மிடம். பிறகு உணவுக்குழாய் தானாகவே சுருங்கித் தள்ளுகிறது. இரைப்பை அமிலத்தில் பிசைகிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. நாம் தூங்கினாலும் வேலை நடக்கிறது. எவ்வளவு பெரிய நிஃமத்!

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். இந்தச் சோறு யாருடையது என்று உமிழ்நீர் கேட்பதில்லை. மேட்டூர்த் தண்ணீர் கடைமடையான நம் பூம்புகார்ப் பக்கம் வந்து சேர்ந்து விளைந்த சம்பா நெல்லை, நட்டவருக்கும் அறுத்தவருக்கும் கூலி கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாலும் இனிக்கும்; கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாலும் அதே இனிப்புத்தான். குடலும் இரண்டையும் ஒன்றுபோலவே செரிக்கிறது. ஆகவே, செரித்துவிட்டது என்பது ஹலால் என்பதற்கு ஆதாரமாகாது.

அப்படியானால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் யார்? நாம்தான்; அதுவும் கவளம் கையில் இருக்கும்போதே. உள்ளே போனபின் அது நம் சதையாகவும் இரத்தமாகவும் ஆகிவிடும்; பிரித்தெடுக்க முடியாது.

இன்று ஜும்ஆ முடிந்து சோற்றில் கை வைக்கும் முன், யாருக்கேனும் கூலி பாக்கி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ஹலாலானதை உண்டு நன்றியுடன் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.