எதற்கு என்று கேட்பது

விலையைக் கொடுத்தாகிவிட்டது, பொருளும் கை மாறிவிட்டது. அத்தோடு விற்றவனுடைய பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? உப்பும் புளியும் விற்கிறவனை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. கத்தி விற்கிறவனைக்கூட அதிகமாகக் கேட்பதில்லை. கத்தியால் காய்கறி நறுக்கலாம். துப்பாக்கித் தோட்டாவுக்கோ ஒரே வேலைதான் உண்டு. அது எதன்மீதாவது போய்ப் பாய வேண்டும். குறி பார்க்க வைத்த அட்டையா, மானா, மனிதனா என்பதைத் தோட்டா தீர்மானிப்பதில்லை. ஆகவே அதை விற்கிறவனுடைய தர்மம் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் தேசத்தில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வாங்க முடியாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில் வயது நிரம்பியவர் எவரும் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கென்று தனிக் கடையைத் தேடிப் போக வேண்டும் என்பதுகூட இல்லை. வால்மார்ட் போன்ற பெருங்கடைகளில் பால், ரொட்டி, பிள்ளைகளின் சட்டை, பெயின்ட், மீன் பிடிக்கும் தூண்டில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தூண்டில் இருக்கும் பக்கத்தில் பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்றும் இருக்கும். அதற்குள் தோட்டாப் பெட்டிகள்.

அங்கே வாங்கப் போகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். சாவிக்காரர் வேறு பக்கத்தில் யாருக்கோ சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், காத்திருக்க வேண்டும். 2013-இல் நாடெங்கும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிக்கு மேல் கிடையாது என்று வால்மார்ட் கட்டுப்பாடு வைத்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட ஒன்றைப் பொறுக்க மாட்டாமல் முணுமுணுப்பதுண்டு. சிப்பந்தி கேட்கும் கேள்விதான் அது: "இது ரைபிளுக்கா, கைத்துப்பாக்கிக்கா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற வியாபாரி ரைபிள் தோட்டாவைப் பதினெட்டு வயதானவருக்கு விற்கலாம். கைத்துப்பாக்கித் தோட்டாவை இருபத்தொரு வயதானவருக்குத்தான் விற்கலாம். ஆனால் '.22' என்று சொல்லப்படும் சின்னத் தோட்டா இரண்டிலும் பொருந்தும். பத்தொன்பது வயதுப் பையன் வந்து அதைக் கேட்டால் என்ன செய்வது? ரைபிளுக்குத்தான் வாங்குகிறான் என்று விற்பவருக்குத் திருப்தி ஏற்பட்டால் விற்கலாம் என்பது அரசாங்கம் தந்திருக்கும் விளக்கம்.

திருப்தி! எவ்வளவு பெரிய வார்த்தை அது! மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் ஒரு சிப்பந்தி, முன்பின் பார்த்திராத ஒருவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஒரே ஒரு சொல்லைப் பதிலாகப் பெற்று, மனத்தில் திருப்தி அடைய வேண்டும். கேட்கிறவருக்குப் பதிலைச் சோதிக்க வழியில்லை. சொல்கிறவனுக்கும் அது தெரியும். உண்மையானவன் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறான். பொய்யனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அப்படியானால் இந்தக் கேள்வியால் யாருக்கு லாபம்? கடைக்குத்தான். "நாங்கள் கேட்டோம், அவன் சொன்னான்" என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கேலிக்கூத்து என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படித் தள்ளத் தயாராக இல்லை. கேள்வி கெட்டுப்போயிருக்கிறது என்பதற்காகக் கேட்பதே தவறு என்று ஆகிவிடாது.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் சாக்ரடீஸ் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒரு நண்பன் நல்ல நிலையில் இருந்தபோது தன் ஆயுதத்தை நம்மிடம் கொடுத்து வைத்தான். பிறகு அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அந்த நிலையில் வந்து ஆயுதத்தைத் திருப்பிக் கேட்கிறான். கொடுக்கலாமா? பொருள் அவனுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை. வாங்க வருகிறவனுக்கு உரிமை இருக்கலாம். விலையும் கையில் இருக்கலாம். அவற்றோடு, இந்த நிமிஷத்தில் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதையும் பார்த்துத்தான் ஆயுதத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஏற்படுகிறது.

அவன் நிலையை அறிந்துகொள்வது நண்பனுக்குச் சுலபம். ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் ஓரளவு சாத்தியம். வருகிறவன் யார் பிள்ளை, நேற்று யாரோடு சண்டை போட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பெருங்கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரையும் அறிந்துகொள்ள முடியாது. அறியாமல் விற்பதால்தான் அங்கே விலையும் மலிவாக இருக்கிறது. அந்த மலிவு வேண்டுமென்றுதான் நாமும் போகிறோம். பிறகு, 'இந்தச் சிப்பந்தி ஏன் கவனிக்கவில்லை?' என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சிப்பந்தி செய்ய முடியாததைச் சில சமயம் மேலிடம் செய்திருக்கிறது. 1999-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் சுடப்பட்ட மாணவர்கள் இருவர், மைக்கேல் மூர் என்ற திரைப்படக்காரரோடு கேமார்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போனார்கள். அவர்கள் உடம்பில் பாய்ந்தவை அந்தக் கம்பெனியின் கடையில் வாங்கப்பட்ட தோட்டாக்கள். வாங்கியவர்கள் போன வாசலுக்கு, அடிபட்டவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். 2001-இல் கேமார்ட் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது.

வால்மார்ட் 2018-இல் எந்தத் தோட்டாவானாலும் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்றது. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்ஸஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் அதன் கடையிலேயே ஒருவன் சுட்டதில் 23 பேர் மாண்டார்கள். அடுத்த மாதம், கைத்துப்பாக்கித் தோட்டாவையும், ராணுவ பாணித் துப்பாக்கிகளில் பயன்படும் சில வகை ரைபிள் தோட்டாக்களையும் விட்டுவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. தோட்டா வியாபாரத்தில் தன் பங்கு சுமார் 20 சதவீதத்திலிருந்து 6 முதல் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்று அதுவே கணக்கும் சொன்னது. நஷ்டத்தை அறிந்து செய்ததற்கு மதிப்பு உண்டு.

புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வாணிபங்களில் ஆயுத வாணிபமும் ஒன்று. விற்காமலே விட்டுவிடுவது தெளிவான வழிதான். ஆனால் ஒரு கடை விட்டதை மற்றொரு கடை எடுத்துக்கொள்கிறது. விட்டவருடைய கை சுத்தமாகிறது. கேள்வி வேறொரு கடைக்கு இடம் மாறிப் போகிறது. 2024-இல் அலபாமா, ஓக்லஹோமா, டெக்ஸஸ் மாநிலங்களில் சில மளிகைக் கடைகளில் தோட்டா விற்கும் இயந்திரங்களையே வைத்துவிட்டார்கள். அடையாள அட்டையைப் படித்து, முகத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இயந்திரம் பெட்டியைத் தள்ளுகிறது. அட்டையில் இருக்கும் முகம்தானா என்று அது பிசகில்லாமல் சொல்லும். அந்த முகம் அழுதிருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதற்கு இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சிப்பந்தி முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால், அவர் கறுப்பு முகத்தைப் பார்த்து மறுப்பார். அந்நியனுடைய உச்சரிப்பைக் கேட்டு மறுப்பார். அமெரிக்காவின் சரித்திரத்தை அறிந்த எவரும் இந்தப் பயத்தை வீண் என்று சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே விதி என்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது.

இதற்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கடைக்காரர்கள் ஒரு பதில் கண்டார்கள். 2009-இல் அங்கே, ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிப் போய்ச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படித் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறவர்கள். அந்தக் கடைக்காரர் 'சட்டப்படிதான் விற்றேன்' என்று சும்மா இருந்துவிடவில்லை. மற்ற கடைக்காரர்களும் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்களும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வருகிறவருடைய நிறமோ பேச்சோ அதில் இல்லை. எந்தத் துப்பாக்கி என்பதில் அக்கறையே இல்லாதவர், அதைத் துடைத்து வைத்துக்கொள்ளும் முறையைக் கேட்காதவர், அதிகத் தோட்டா தேவைப்படாது என்று சொல்கிறவர் — இவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் விற்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். சாக்ரடீஸ் சொன்ன நண்பனைத்தான் அவர்களும் தேடினார்கள்.

ஆகவே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவருக்குப் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும். மேலதிகாரிக்குப் பயப்படாமல், 'இன்றைக்கு இல்லை' என்று சொல்லும் சுதந்திரமும் வேண்டும். பெருங்கடைகள் அதைத் தம் சிப்பந்திகளுக்குக் கொடுக்கலாம். அதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை.

மான் வேட்டைக்குப் போகிற உழவர் ஒருவர் தவறாக மறுக்கப்பட்டால் அவருக்கு ஒரு பிற்பகல் வீணாகிறது, கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அவர் நாளைக்குத் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். தவறாகக் கொடுக்கப்பட்ட தோட்டாவை மறுநாள் யாரும் திருப்பி வாங்க முடியாது. இரண்டு தவறுகளில் எதைச் செய்யலாம் என்று கேட்டால், நான் முதல் தவறையே செய்யச் சொல்வேன். காத்திருக்க நேர்ந்த அந்த நல்ல மனிதரும், நிதானமாக யோசித்தால், அதைத்தான் சொல்வார் என்று நம்புகிறேன்.